ரோட்டரி என்ஜின்: ஆயில் பம்பைக் கழற்றிவிட்டு 2டி கலந்து ஓட்டலாமா?

கேள்வி – 8 ஜூன் 2024

அண்ணா, இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் ஓட்டுவதற்காக ஒரு பழைய காரில், பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுற்றுகிற மஸ்டா 13பி ரோட்டரி என்ஜினைப் போட்டுக்கொண்டிருக்கிறோம். என்ஜின் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக உள்ளே தள்ளும் சின்ன பம்பு ஒன்று முன்பக்கம் இருக்கிறது. அதைக் கழற்றி ஓட்டையை மூடிவிடலாம் என்கிறார் மெக்கானிக் அண்ணன். "ரோட்டரியும் டூ-ஸ்ட்ரோக் மாதிரிதான், டிவிஎஸ் 50-க்குக் கலப்பது போல டேங்கில் 2டி, அதாவது டூ-ஸ்ட்ரோக் ஆயிலைக் கலந்துவிட்டால் போதும், ஆயில் குடிக்கிற தொல்லையும் போய்விடும்" என்கிறார். சரிதானா? எவ்வளவு கலக்க வேண்டும்?

9 ஜூன் 2024, காலை

பாதி சரி தம்பி.

ரோட்டரி டூ-ஸ்ட்ரோக் கிடையாது. உறிஞ்சுவது, அமுக்குவது, எரிப்பது, புகையைத் தள்ளுவது என்று நான்கு வேலையும் தனித்தனியாக நடக்கிற நான்கு-ஸ்ட்ரோக் சுழற்சிதான் அதிலும். அடியில் ஆயில் தேங்குகிற சம்ப் இருக்கிறது, பெரிய ஆயில் பம்பு இருக்கிறது, ஃபில்டர் இருக்கிறது. பேரிங்குகளுக்குப் போவது அந்த ஆயில்தான். ரோட்டரின் உட்புறத்தில் பீய்ச்சியடித்து அதைக் குளிர வைப்பதும் அதே ஆயில்தான். டிவிஎஸ் 50-ல் இப்படி எதுவும் இல்லை. அங்கே பேரிங், பிஸ்டன், சிலிண்டர் எல்லாவற்றுக்கும் பெட்ரோலோடு வருகிற ஆயிலே கதி.

ஒற்றுமை ஒரே ஒரு இடத்தில் இருக்கிறது. முக்கோண ரோட்டரின் மூன்று முனைகளிலும் ஏபெக்ஸ் சீல் என்று ஒரு மெல்லிய தகடு இருக்கும். அது உரசுகிற சுவர், பெட்ரோல் எரிகிற அதே சுவர். சம்ப் ஆயில் அங்கே எட்டாமல் இருப்பதற்கென்றே ரோட்டரின் பக்கவாட்டில் ஆயில் ரிங் போட்டிருக்கிறார்கள். ஆகவே ஏபெக்ஸ் சீலுக்கு ஆயிலைத் தனியாக ஊட்டியாக வேண்டும். நீங்கள் சொல்கிற அந்தச் சின்ன பம்பின் வேலை அதுதான். ஊட்டுகிற ஆயில் எரிந்து போகும், திரும்பி வராது. உங்கள் மெக்கானிக் தொல்லை என்று சொல்வது சீலின் சாப்பாடு.

பம்பைக் கழற்றலாமா என்றால், ட்ராக் கார்தானே, கழற்றலாம் என்றே சொல்வேன். லிட்டருக்கு 20 மி.லி. 2டி ஆயில் கலந்து ஓட்டுங்கள்.

9 ஜூன் 2024, இரவு

மேலே 20 மி.லி. என்று எழுதியது தப்பு. யாரும் அப்படிக் கலக்க வேண்டாம்.

அது 50-க்கு 1, மொபெட் கணக்கு. சின்ன வயதிலிருந்து கையில் ஊறிப்போன எண், யோசிக்காமல் வந்துவிட்டது. பம்பு இல்லாத 13பி-க்குப் பொதுவாகச் சொல்வது அமெரிக்க காலனுக்கு ஓர் அவுன்ஸ். நம் கணக்கில் லிட்டருக்கு ஏறத்தாழ 8 மி.லி., அதாவது 128-க்கு 1. ட்ராக்கில் அடித்து ஓட்டுகிறவர்கள் 10 மி.லி. வரை போவார்கள். 20 போட்டால் பிளக்கில் கரி ஏறும், பெட்ரோலின் ஆக்டேனும் இறங்கும். ரோட்டரியில் நாக்கிங், அதாவது பெட்ரோல் தாறுமாறாக வெடிப்பது, வந்தால் ஏபெக்ஸ் சீல் உடையும். உடைந்த துண்டு எக்ஸாஸ்ட் வழியாக வெளியேறும்போது சுவரையும் கிழித்துவிட்டுத்தான் போகும். ஆயில் கூடினால் நல்லதுதானே என்று நினைக்க வேண்டாம்.

12 ஜூன் 2024

"இத்தனை சின்ன சீலுக்கு இவ்வளவு கவலையா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

13பி-யில் ரோட்டரின் ஆரம் 105 மி.மீ., ஷாஃப்டின் எக்சென்ட்ரிக் விலகல் 15 மி.மீ., அகலம் 80 மி.மீ. ஒரு ரோட்டருக்கு 654 சி.சி. என்பது இந்த மூன்று எண்ணிலிருந்து வருவது. ஷாஃப்ட் மூன்று சுற்று சுற்றினால் ரோட்டர் ஒரு சுற்று வரும். அந்த ஒரு சுற்றில் சீலின் முனை சுவரை ஒட்டி ஏறத்தாழ 70 செ.மீ. தூரம் ஓடுகிறது. 7,000 ஆர்பிஎம்மில் இது நொடிக்கு 27 மீட்டர் ஆகும். மணிக்கு நூறு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈசிஆரில் கார் போகிற வேகத்தில் 2 மி.மீ. தடிமனுள்ள ஒரு தகடு குரோம் பூசிய சுவரைத் தேய்த்துக்கொண்டே ஓடுகிறது. பிஸ்டனாவது மேலும் கீழும் ஒரு கணம் நின்று திரும்பும். அடியிலிருந்து ஆயில் தெறித்துக்கொண்டே இருக்கும். இந்தத் தகடு நிற்பதே இல்லை. போதாததற்கு ஒவ்வொரு சுற்றிலும் பெட்ரோல் கலந்த காற்று வந்து இருக்கிற எண்ணெய்ப் படலத்தையும் கழுவிவிட்டுப் போகும்.

இந்தத் தகடுதான் ரோட்டரியின் கதையையே ஆட்டிவைத்தது. 1957-ல் ஜெர்மனியில் ஃபெலிக்ஸ் வாங்கலின் முதல் என்ஜின் ஓடியது. அடுத்து மஸ்டாவில் கெனிச்சி யமமோட்டோவின் குழு அதை எடுத்துக்கொண்டபோது சுவர் முழுக்க வரிவரியாகக் கீறல் விழுந்தது. பேயின் நகக்கீறல் என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். அலுமினியம் ஊட்டிய கார்பன் சீலைக் கண்டுபிடித்த பிறகுதான் 1967-ல் காஸ்மோ ஸ்போர்ட் கார் விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டு வந்த, ஜெர்மன் கம்பெனி என்எஸ்யூவின் ஆர்ஓ 80 ரோட்டரி காரைச் சீல் பிரச்சினை விடவில்லை. 1969-ல் என்எஸ்யூ ஃபோக்ஸ்வாகனின் கைக்குப் போனதற்கு அதுவும் ஒரு காரணம். ஆர்ஓ 80 வைத்திருந்தவர்கள் எதிரே இன்னொரு ஆர்ஓ 80 வந்தால் கையசைக்க மாட்டார்களாம்; இதுவரை எத்தனை என்ஜின் மாற்றினோம் என்று விரலைக் காட்டிக்கொள்வார்களாம்.

23 ஜூன் 2024

எந்த ஆயில் என்று நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள்.

கம்பெனி செய்த ஏற்பாட்டில் பம்பு சம்ப்பிலிருந்தே ஆயிலை எடுக்கிறது. அதாவது சாதாரண என்ஜின் ஆயில் எரிகிறது. என்ஜின் ஆயில் எரிவதற்காகச் செய்த சரக்கு இல்லை. அதிலுள்ள துத்தநாகம், கால்சியம் சேர்ந்த மருந்தெல்லாம் பேரிங்குக்கு நல்லது, எரிந்தால் சாம்பல். அந்தச் சாம்பலும் கரியும் சீல் உட்கார்ந்திருக்கிற பள்ளத்தில் போய் அடைந்தால், சீல் மேலும் கீழும் அசைய முடியாமல் மாட்டிக்கொள்ளும். 2டி ஆயில் எரிவதற்கென்றே செய்தது. வெளிநாட்டில் சிலர் பம்புக்கு ஓர் அடாப்டர் போட்டு, தனி டப்பாவிலிருந்து 2டி ஆயிலை மட்டும் அதற்குக் கொடுக்கிறார்கள். சுசூகி 1974-ல் விட்ட ஆர்ஈ5 ரோட்டரி பைக்கில் கம்பெனியே சீலுக்கென்று தனி ஆயில் டேங்க் வைத்திருந்தது. எனக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும்.

2டி-யில் எது? டப்பாவில் ஜாசோ எஃப்டி என்று (2டி ஆயிலுக்கான ஜப்பான் தரக் குறியீடு) போட்டிருப்பதை வாங்குங்கள், எஃப்சி-யும் பரவாயில்லை. காசிமேட்டில் படகு என்ஜின் வேலை பார்க்கிற உறவுக்காரர் ஒருவர் எனக்கு டிசி-டபிள்யூ3 ஆயில் கொடுத்து, சாம்பலே வராது என்றார். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அந்த ஆயில் கடல் தண்ணீரில் குளிர்ந்தபடியே ஓடும் அவுட்போர்டு மோட்டாருக்கானது. சூடாக ஓடுகிற என்ஜினுக்கு எஃப்டி மேல் என்பது என் தேர்வு. இதில் சண்டை போடுகிறவர்கள் நிறைய; எனக்கு அந்த அளவுக்குப் பிடிவாதம் இல்லை.

பெட்ரோல் பங்கில் கையால் அடிக்கிற 2டி பம்பு இருந்த காலத்தில் "ஆயில் போட்டு ஒரு லிட்டர்" என்று சொல்லி வண்டியை நிறுத்துவோம். அப்பா பக்கத்தில் இருந்தால் அதை வாங்க விடமாட்டார். புதுப்பேட்டையில் முப்பது வருஷம் டூ-ஸ்ட்ரோக் வேலை பார்த்தவர். டப்பா ஆயிலைத்தான் வாங்குவார். முதலில் ஆயிலை ஊற்றி, அதன் மேல் பெட்ரோலை விடச் சொல்வார். அப்புறம் இரண்டு கையாலும் வண்டியைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டுவார். டேங்குக்குள் சளக் சளக் என்று கேட்கும். நான் இன்றைக்கும் கேனில் கலந்து குலுக்கிவிட்டுத்தான் காருக்கு ஊற்றுகிறேன்.

7 ஜூலை 2024

பம்பைக் கழற்றலாம் என்று முதல் குறிப்பில் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்.

அப்பாவிடம் இந்தப் பேச்சை எடுத்தேன். அவர் உடனே கொல்லிமலைக் கதைக்குப் போய்விட்டார். எண்பதுகளில் இரண்டு வண்டியில் போயிருக்கிறார்கள். அப்பா யெஸ்டி, நண்பர் ராஜ்தூத் 350. யெஸ்டிக்கு டேங்கில் கலக்க வேண்டும். ராஜ்தூத்துக்கு யமஹாவின் ஆட்டோலூப், தனி ஆயில் டேங்கும் பம்பும் உண்டு. எழுபது கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது இரண்டும் சமமாக ஏறின. இறங்கும்போது அப்பா ஆக்சிலேட்டரை முழுக்க மூடி, இரண்டாவது கியரிலேயே வண்டியைப் பிடித்து இறக்கியிருக்கிறார். பாதி மலை வருவதற்குள் பின்சக்கரம் கிறீச்சென்று நின்றுவிட்டது. பிஸ்டன் பிடித்துக்கொண்டது. ராஜ்தூத் கீழே போய்க் காத்திருந்தது.

காரணம் இதுதான். ஆக்சிலேட்டரை மூடினால் பெட்ரோல் வராது. பெட்ரோலோடு வருகிற ஆயிலும் வராது. என்ஜின் மட்டும் மலை இறங்குகிற வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். ராஜ்தூத்தின் பம்பு என்ஜினோடு சுற்றுகிறது. ஆக்சிலேட்டரை மூடினாலும் கொஞ்சம் ஆயில் போகும். அன்றிலிருந்து கலக்கிற வண்டியில் மலை இறங்கினால் ஒவ்வொரு வளைவிலும் ஒரு முறுக்கு கொடுக்க வேண்டும் என்பது அப்பாவின் சட்டம்.

சென்னையில் மலை ஏது என்று கேட்கலாம். தம்பி ட்ராக்கில் என்ன செய்யப் போகிறார்? நேர்கோட்டின் முடிவில் 7,000 ஆர்பிஎம்மில் காலை எடுத்துவிட்டு பிரேக்கை மிதிப்பார், கியரைக் குறைப்பார். இன்ஜெக்டர் உள்ள 13பி-யில் காலை எடுத்த கணத்தில் பெட்ரோல் நின்றுவிடும். டேங்கில் எவ்வளவு கலந்திருந்தாலும் அந்தச் சில நொடிகளில் சீலுக்குப் புதிதாக ஒரு சொட்டும் கிடைக்காது. ஒரு சுற்றில் எத்தனை வளைவு, ஒரு நாளில் எத்தனை சுற்று என்று எண்ணிப் பாருங்கள். மஸ்டாவின் சின்ன பம்பு ஷாஃப்டோடு சுற்றுகிறது; கால் எடுத்த பிறகும் கொஞ்சமாவது ஊட்டும்.

ஆகவே பம்பு இருக்கட்டும். அதோடு லிட்டருக்கு 4 மி.லி. கலந்துகொள்ளுங்கள்.

18 ஆகஸ்ட் 2024

இந்த இழையில் எழுதத் தயங்கிக்கொண்டிருந்த ஒன்று. ஆனால் இதைப் படித்து ஒரே ஒரு என்ஜின் பிழைத்தாலும் போதும்.

என்னிடம் இருப்பது மஸ்டாவின் ரோட்டரி கார், 1987 ஆர்எக்ஸ்-7. மாமா சிங்கப்பூரிலிருந்து திரும்பியபோது கொண்டுவந்தது. அந்த வருஷத்துப் பம்பு முழுக்க மெக்கானிக்கல். த்ராட்டிலிலிருந்து ஒரு மெல்லிய கம்பி இறங்கிப் பம்பின் லீவரைத் தள்ளும். மிதிக்க மிதிக்க ஆயில் கூடும். 1989-க்குப் பிறகு வந்தவற்றில் இதையே மின்மோட்டார் செய்கிறது.

சில வருஷம் முன்பு ஒரு வொர்க்‌ஷாப்பில் வாட்டர் பம்பு மாற்றினோம். அதற்கப்புறம் வண்டி ஆயில் குடிப்பதை நிறுத்திவிட்டது. மாமாவுக்கு ஏக சந்தோஷம். முன்பெல்லாம் இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடினால் ஏறத்தாழ ஒரு லிட்டர் ஊற்றுவோம். இப்போது டிப்ஸ்டிக்கை உருவினால் ஆயில் மேல்கோட்டிலேயே நிற்கிறது. "நல்ல ஆளுப்பா, என்ஜினையே சரி பண்ணிட்டான்" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். நானும் தலையாட்டினேன். டூ-ஸ்ட்ரோக் மெக்கானிக்கின் மகன், ஆயில் குறையவில்லை என்றால் ஆயில் போகவில்லை என்று அர்த்தம் என்பது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. மூன்று மாதம் ஓட்டினோம்.

ஒரு நாள் சூடான என்ஜினை நிறுத்திவிட்டு உடனே ஸ்டார்ட் செய்தால் எடுக்கவில்லை. கம்ப்ரஷன் கேஜின் வால்வைக் கழற்றிவிட்டு பின் ரோட்டரில் வைத்தேன். ரோட்டரிக்கு மூன்று முகம், முள் மூன்று முறை ஒரே உயரத்துக்குத் துள்ள வேண்டும். டப், டப் என்று இரண்டு. மூன்றாவது பாதிக்கும் கீழே. அப்புறம்தான் கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். அந்த மெல்லிய கம்பியின் முனையில் ஒரு கிளிப் இருக்கும், என் சுண்டுவிரல் நகம் அளவு. அது இல்லை. கம்பி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. பம்பு அத்தனை நாளும் ஐடிலிங் அளவுக்கே ஊட்டியிருக்கிறது, நாங்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முழுக்க மிதித்தபோதும்.

அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறையில் வைத்துப் பிரித்தோம். பின் ரோட்டர் சுற்றுகிற கூடான ஹவுசிங்கில் பிளக் துளையை ஒட்டிக் குரோம் செதில் செதிலாக உரிந்திருந்தது. விரலால் தடவினால் சுரசுர என்று கைக்குப் படும். அந்த ஹவுசிங்கை மாற்ற வேண்டியதாயிற்று. கிளிப் விலை சொல்ல மாட்டேன், வயிறு எரியும்.

19 ஆகஸ்ட் 2024

நேற்று எழுதியதோடு சேர்க்க வேண்டியது. பம்பிலிருந்து மேலே போகும் பிளாஸ்டிக் குழாய்களையும் பாருங்கள். முப்பது வருஷ வெப்பத்தில் அப்பளம் மாதிரி ஆகியிருக்கும், வளைத்தால் முறியும். அவை ஒளி ஊடுருவுகிற குழாய்கள். என்ஜின் ஓடும்போது டார்ச் அடித்தால் உள்ளே ஆயில் நகர்வது தெரியும், இடையில் காற்றுக் குமிழி இருந்தால் அதுவும் தெரியும். முறையான சோதனை ஒன்றும் இருக்கிறது. குழாயைக் கழற்றி அளவுக் குடுவையில் விட்டு, குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் சில நிமிடம் ஓட்டி எத்தனை மி.லி. வந்தது என்று பார்ப்பது. அந்த நேரம் சீல் பட்டினி கிடக்கக் கூடாது. டேங்கில் 2டி கலந்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும்.

20 அக்டோபர் 2024

மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக நின்ற படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்த வரிசையில் எங்கள் ஆர்எக்ஸ்-7-ம் நின்றது.

அவசரத்தில் நான் செய்த தப்பு: குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து, ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாமல், பாலத்தின் மேல் இடம் கிடைத்ததும் பட்டென்று நிறுத்திவிட்டேன். ரோட்டரிக்கு இது ஆகாது. குளிரும்போது பெட்ரோல் கூடுதலாகப் போகும். சூடாவதற்குள் நிறுத்தினால் அது உள்ளேயே தங்கிச் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். எண்ணெய் இல்லாவிட்டால் சீல் சரியாக அடைக்காது, கம்ப்ரஷன் வராது. வெள்ளிக்கிழமை காலையில் போய்ச் சாவி போட்டால் ஸ்டார்ட்டர் விர்ர் என்று எந்தத் தடையும் இல்லாமல் சுற்றியது. அந்தச் சத்தத்தைக் கேட்டாலே புரிந்துவிடும்.

பாலத்து ஓரத்திலேயே வேலையைத் தொடங்கினேன். பெட்ரோல் ஃபியூஸைப் பிடுங்கினேன். நான்கு பிளக்கையும் கழற்றினேன், எல்லாம் நனைந்திருந்தன. பிளக் இல்லாமல் ஸ்டார்ட்டரைச் சுற்றினால் உள்ளே கிடந்த பெட்ரோல் துளை வழியாகப் புகையாகச் சீறும், பக்கத்தில் யாரும் பீடி பிடிக்கக் கூடாது. அப்புறம் டிக்கியிலிருந்த 2டி டப்பாவை எடுத்து, மருந்து ஊற்றுகிற சிரிஞ்சில் ஒவ்வொரு ஹவுசிங்கிலும் பிளக் துளை வழியே ஐந்து மி.லி. விட்டேன். முன்பக்கப் புல்லியை ஸ்பேனர் வைத்துக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினால் ரோட்டர் மூன்றில் ஒரு பங்கு நகர்ந்து அடுத்த முகம் வரும். மூன்று முகத்துக்கும் அப்படியே. சுற்றும்போது கையில் ஒரு கனம் ஏறியது, ஃபுஸ் ஃபுஸ் என்று ஒரு மூச்சு கேட்டது. சீல் அடைத்துக்கொண்டது என்று தெரிந்ததும் எனக்கும் மூச்சு வந்தது.

பிளக்கைத் துடைத்து மாட்டி, ஃபியூஸைப் போட்டு சாவி திருப்பினேன். எடுத்துக்கொண்டது. பாலம் முழுக்க வெள்ளைப் புகை. பின்னால் கார் எடுக்க வந்த அம்மா ஒருவர் "தம்பி, வண்டி தீப்பிடிச்சிடுச்சா?" என்று பதறினார். இல்லைம்மா, எண்ணெய்தான் என்றேன். பத்து நிமிடம் சூடாகும் வரை ஓடவிட்டேன்.

இனிமேல் நகர்த்துவதற்காக ஸ்டார்ட் செய்தால் டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வரும் வரை நிறுத்துவதில்லை. அதற்கு நேரமில்லை என்றால் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

3 நவம்பர் 2024

ஆர்எக்ஸ்-8 பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. அந்தக் காரில் 2003-ல் வந்த ரெனிசிஸ் என்ஜினில் எக்ஸாஸ்ட் துளை பக்கவாட்டுக்குப் போய்விட்டது. ஒரு ரோட்டருக்கு இரண்டு ஆயில் நாசில், நடுவிலிருந்து விலகி இரண்டு ஓரமாக. 2009 மாடலில் நடுவிலும் மூன்றாவதாக ஒன்று சேர்த்தார்கள், பம்பும் மின்சாரத்துக்கு மாறியது. முந்தைய மாடல்களுக்கு அமெரிக்காவில் என்ஜின் வாரண்டியை எட்டு வருஷம், ஒரு லட்சம் மைல் என்று நீட்டினார்கள். ஆக, நடுவிலும் ஆயில் வேண்டும் என்று அவர்களே ஒப்புக்கொண்டதாகத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன். பழைய ஆர்எக்ஸ்-8 வைத்திருந்தால் கொஞ்சம் கலந்துகொள்ளுங்கள்.

24 நவம்பர் 2024

பேச்சு எங்கோ போகிறது, ஆனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டிவிஎஸ் 50-ல் தொடங்கிய இழை இது. அதே டிவிஎஸ் மோட்டார் 2020-ல் இங்கிலாந்தின் நார்ட்டனை வாங்கியது. நார்ட்டன் எண்பதுகளின் கடைசியில் 588 சி.சி. இரட்டை ரோட்டர் பைக் விற்றது. 1992-ல் ஸ்டீவ் ஹிஸ்லாப் ஐல் ஆஃப் மேன் சீனியர் டிடி பைக் பந்தயத்தை ஜெயித்தது நார்ட்டன் ரோட்டரியில்தான்.

அதன் ஆயில் ஏற்பாடு அழகு. உள்ளே இழுக்கிற காற்று முதலில் ரோட்டரின் வயிற்றுக்குள் புகுந்து அதைக் குளிர வைக்கும். பம்பு பேரிங்குக்குக் கொடுத்த ஆயிலை அந்தக் காற்றே பனிபோல அள்ளிக்கொண்டு போய் எரியும் அறையில் சேர்க்கும். ஒரே ஆயில் முதலில் பேரிங்குக்கு, அப்புறம் சீலுக்கு, கடைசியில் புகையாக வெளியே. சம்ப் ஆயிலைக் கெடுப்பதும் இல்லை, தனிப் படலத்துக்கு ஏங்குவதும் இல்லை.

நம் நாட்டிலும் ஒரு ரோட்டரி உண்டு. நிஷாந்த் ஆளில்லா விமானத்துக்காகப் பெங்களூரின் என்ஏஎல், ஏடிஈ என்ற இரண்டு விமான ஆய்வு நிறுவனங்களும் விஆர்டிஈ என்ற ராணுவ வாகன ஆய்வு நிறுவனமும் சேர்ந்து செய்த 55 குதிரைத்திறன் வாங்கல் என்ஜின், 2009 ஏப்ரலில் கோலார் அருகே பறந்தது.

16 பிப்ரவரி 2025

20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோலில் 2டி கலந்தால் பிரிந்துவிடுமா என்று கேள்வி வந்தது. எழுதுவதற்கு முன் செய்து பார்த்துவிடலாம் என்று மூன்று கண்ணாடி பாட்டில் எடுத்தேன்.

முதலாவதில் பங்கு பெட்ரோலும் நீலச் சாயம் போட்ட 2டி-யும். இரண்டு வாரம் சமையலறை ஜன்னலில் மூடி வைத்தேன், பிரியவில்லை. வீட்டில் வாங்கிய திட்டு தனிக் கதை. இரண்டாவதில் அதே கலவையோடு பத்து மி.லி. தண்ணீர் விட்டுக் குலுக்கினேன். சற்று நேரத்தில் அடியில் நிறமில்லாத ஓர் அடுக்கு இறங்கியது. நான் ஊற்றியது பத்து. அடியில் நின்றது முப்பதுக்குக் கொஞ்சம் கீழே. தண்ணீர், பெட்ரோலிலிருந்த எத்தனாலையும் இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டது. நீலம் முழுவதும் மேலே பெட்ரோலோடு நின்றுகொண்டது. மூன்றாவதைத் திறந்தே வைத்தேன்; பெட்ரோல் ஆவியாகி ஓடிவிட்டது, அதில் சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாவது பாட்டில்தான் கவலை. டேங்கின் பம்பு உறிஞ்சுவது அடியிலிருந்து. தண்ணீர் புகுந்த டேங்கில் என்ஜினுக்கு முதலில் போகப்போவது அந்த நிறமில்லாத அடுக்கு, அதில் எண்ணெய் இல்லை. டேங்கில் கலப்பதை மட்டும் நம்பி ஓட்டுகிறவருக்குச் சீல் அங்கேயே பட்டினி. பம்பு வேண்டும் என்பதற்கு கொல்லிமலையை அடுத்து இது எனக்கு இரண்டாவது காரணம். மழைக்காலத்தில் வண்டியை நிறுத்தி வைத்தால் டேங்கை நிரப்பி வையுங்கள். காற்று குறைந்தால் ஈரமும் குறையும்.

11 மே 2025

கேள்வி கேட்ட தம்பி நேற்று என்ஜினை ஸ்டார்ட் செய்தார். என்னையும் கூப்பிட்டிருந்தார். கத்திரி வெயில், தகரக் கொட்டகை, உள்ளே நின்றாலே சட்டை நனைகிறது. பம்பைக் கழற்றவில்லை. கம்பிக்குப் புதுக் கிளிப், அதன் மேல் மெல்லிய பாதுகாப்புக் கம்பி சுற்றியிருந்தார்கள். குழாய் நான்கும் புதிது. கேனில் லிட்டருக்கு 4 மி.லி. எஃப்டி.

அவருடைய மெக்கானிக் அண்ணனும் இருந்தார். அவரோடு இதையெல்லாம் பேசினேன். அவரும் டூ-ஸ்ட்ரோக்கில் தொழில் கற்றவர்தான், கொல்லிமலை என்றதுமே தலையாட்டிவிட்டார்.

என்ஜின் எடுத்ததும் எல்லோரும் எக்ஸாஸ்ட் பக்கம் ஓடினார்கள். மெக்கானிக் மட்டும் என்னோடு குனிந்து குழாயில் டார்ச் அடித்தார். முதலில் முழுக்கக் காற்று. லீவரைக் கையால் தள்ளிப் பிடித்தார். ஒரு நிமிடம் ஒன்றும் வரவில்லை. அப்புறம் பம்பு முனையில் பழுப்பாக ஒரு நூல் ஏறியது, நின்றது, மறுபடி ஏறியது, ஹவுசிங்கைத் தொட்டது.

"போவுது சார்" என்றார்.